தராசு, மழைமானி, அன்னா மணி

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், முதல் பாடம் தொடங்கும் முன்பே தரம் எட்டுப் பையன் ஒருவன் எழுந்து நின்றான். "டீச்சர், ரேடியோவுல நூறு மில்லிமீற்றர் மழைன்னு சொன்னாங்க. நூறு மில்லிமீற்றர்ன்னா எம்புட்டுத் தண்ணி?"

அவன் வீடு இருக்கும் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, ஒரு சரிவின் அடியில் இருக்கிறது. மேலே தேயிலை, அதற்கும் மேலே மானாப் புல். பரீட்சைக்காக அவன் அதைக் கேட்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை வரும்போதெல்லாம் இந்த மில்லிமீற்றர் கணக்கும் கூடவே வருகிறது. 24 மணித்தியாலத்துக்குள் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இரு, 100ஐத் தாண்டினால் புறப்படத் தயாராகு, 150ஐத் தாண்டினால் வெளியேறு. இங்கே இலங்கை மலையகத்தில், மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி லயங்களை மூடிய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்த எண் புரியாமல் இருக்கக் கூடாது. அன்றைக்கு எடுக்க வேண்டிய பாடத்தை மூடி வைத்துவிட்டேன்.

மில்லிமீற்றர் என்பது நீளத்துக்கான அளவு. மழைக்கு ஏன் நீளம்? இப்படி நினைத்துப் பாருங்கள். விழுந்த மழை ஓடவில்லை, மண்ணுக்குள் இறங்கவில்லை, வெயிலில் ஆவியாகவும் இல்லை. தட்டில் ஊற்றியது போல விழுந்த இடத்திலேயே நிற்கிறது. அப்படி நின்றால் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும்? அந்த உயரம்தான் மழையின் அளவு.

வகுப்பில் இதைச் செய்தே காட்டினோம். பழைய படங்கு (தார்ப்பாய்) ஒன்றை ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் வெட்டி, மேசைகளைச் சேர்த்து அதன்மேல் விரித்து, நான்கு ஓரத்துக்கும் அடியில் அடிமட்டம் கொடுத்து வரம்பு கட்டினோம். ஒரு லீற்றர் போத்தல் தண்ணீரை அதில் ஊற்றினோம். தண்ணீர் மெல்லப் பரவி எல்லா மூலைக்கும் போய் நின்றது. அதன் உயரம் ஒரு மில்லிமீற்றர். "இவ்வளவுதானா டீச்சர்?" என்றார்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர், அதுதான் ஒரு மில்லிமீற்றர் மழை.

சரி, இனி நூறுக்குப் போவோம். அதே படங்கில் நூறு போத்தல். வீடு கட்டக் கொடுக்கிறார்களே ஏழு பேர்ச் காணி, அது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். அதன்மேல் நூறு மில்லிமீற்றர் பெய்தால் 17,700 லீற்றர். கூரைக்குப் பக்கத்தில் வைக்கும் ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கியில் நிரப்பினால் பதினேழு தாங்கி நிறைந்து பதினெட்டாவதிலும் பாதிக்கு மேல் ஏறும். ஓர் ஏக்கர் மலையில் நாலு லட்சம் லீற்றருக்கும் மேல். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. அப்படியென்றால் ஒரே நாளில் அந்த ஒரு ஏக்கர் சரிவின் தலையில் நானூறு தொன் பாரம் வந்து விழுகிறது. அதில் ஒரு பங்கு கான் வழியாக ஓடிவிடும், மீதி மண்ணுக்குள் இறங்கும். பையன்கள் யன்னல் வழியாக எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை பெருக்கல் கணக்கு, சுலபம். அடுத்த கேள்வியை நான்தான் கேட்டேன். ரேடியோவில் சொன்ன அந்த நூறு, சரியான நூறு என்று நமக்கு எப்படித் தெரியும்?

இந்த ஒரு கேள்வியோடு வாழ்நாள் முழுக்க இருந்தவர் இந்திய வானிலை விஞ்ஞானி அன்னா மணி. 2001 ஓகஸ்ட் 16ஆம் திகதி திருவனந்தபுரத்தில் காலமானார். இன்னும் ஒரு கிழமை இருந்திருந்தால் 83 வயது நிறைந்திருக்கும். நான் அவரை நேரில் கண்டதில்லை. ஆனாலும் ஓகஸ்ட் மாதம் வந்தால் எங்கள் வகுப்புச் சுவரில் அவருடைய படம் ஏறும். சொந்தத்தில் ஒரு பெரியம்மாவை நினைப்பது போலத்தான் அவரை நினைக்கிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அவர் பிறந்தது 1918 ஓகஸ்ட் 23, பீர்மேட்டில். கேரளத்தின் மலைப்பகுதி அது. தேயிலையும் ஏலமும் விளையும் ஊர். நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் இன்றைக்கும் அங்கே தமிழ் பேசிக்கொண்டு கொழுந்து பறிக்கிறார்கள். தென்மேல் பருவக்காற்று அங்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டிப் பெய்வதும், இங்கே வட்டவளை, கினிகத்தேனைப் பக்கச் சரிவுகளில் முட்டிப் பெய்வதும் ஒரே கதைதான். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்னா மணி லயத்துப் பிள்ளை இல்லை. அப்பா பொறியியலாளர், ஏலத் தோட்டங்கள் வைத்திருந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு அந்த வீட்டு வழக்கப்படி வைரத் தோடு கொடுத்தபோது, தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கித் தாருங்கள் என்று கேட்டவர். வசதி இருந்தது, அதனால் கேட்க முடிந்தது. ஆனால் அந்த வசதியில் எதைக் கேட்பது என்பதை அந்தச் சின்ன வயதிலேயே அவர் தானாக முடிவு செய்திருக்கிறார். எனக்கு அது பெரிய விடயமாகப் படுகிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் படித்துவிட்டு, 1940இல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். சி. வி. ராமனின் ஆய்வுகூடத்தில் வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி உள்வாங்கி வெளிவிடுகின்றன என்று பார்த்தார். ஓர் ஒளிப்படத் தட்டில் படம் பதிய பதினைந்து, இருபது மணித்தியாலம் வரை விட வேண்டும். பல இரவுகள் ஆய்வுகூடத்திலேயே தூங்கினாராம். 1942க்கும் 1945க்கும் இடையில் தனி ஆளாக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேட்டையும் எழுதிக் கொடுத்தார். முதுமாணிப் பட்டம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லிக் கலாநிதிப் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். செய்த வேலையைப் பார்க்காமல் கையில் இருந்த கடதாசியைப் பார்த்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அவருக்கு அது ஒரு தடையாகவே இருந்ததாகத் தெரியவில்லை. அந்த 1945ஆம் ஆண்டிலேயே லண்டனுக்குப் போனார். போனது பௌதிகம் படிக்க. கிடைத்த புலமைப்பரிசில் வானிலைக் கருவிகளுக்கானது. 1948இல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையில் கருவிப் பிரிவில் சேர்ந்தார்.

அந்தக் கருவிப் பிரிவில் அவர் செய்த வேலையைப் புரிந்துகொள்ள ஒரு சொல் தெரிய வேண்டும்: அளவுதிருத்தம். வேலைத்தலங்களில் கலிபிரேஷன் என்பார்கள். அதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் எங்கள் அம்மாதான்.

அம்மா முப்பது வருசம் கொழுந்து பறித்தவர். ஒரு தோட்டத்தில் வேலை செய்த காலத்தில், நிறுவை முடிந்து வரும்போதெல்லாம் முகம் வாடியிருக்கும். அன்றைக்கு எவ்வளவு பறித்தோம் என்று கைக்குத் தெரியும், முதுகுக்குத் தெரியும். தராசு வேறொன்று சொல்லும். கேட்டால், "தராசு பொய் சொல்லுமா?" என்று பதில் வரும். ஒருநாள் அம்மா கடையில் வாங்கிய, வாய் பிரிக்காத பத்துக் கிலோ அரிசிப் பையை நிறுவைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கொழுந்துச் சாக்கை மாட்டும் கொக்கியில் அதை மாட்டச் சொன்னார். முள் ஒன்பதில் நின்றது. யாரும் பேசவில்லை. பின்னால் நின்ற அக்கா ஒருவர், "இதையும் மாட்டுங்க" என்று ஐந்து கிலோ மாப் பையை நீட்டினார். முள் நாலில் நின்றது. அப்புறம்தான் எல்லோரும் வெறும் கொக்கியைப் பார்த்தார்கள். ஒன்றும் மாட்டாதபோது முள் பூச்சியத்தில் நிற்கவில்லை, ஒரு கிலோ கீழே நின்றுகொண்டிருந்தது.

ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. மூன்று கிலோ. அந்த மூன்று கிலோவால் நோம், அதாவது ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவு, குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்த நாட்களும் உண்டு. அடுத்த கிழமை வேறு தராசு வந்தது. போன கிலோக்களுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

அம்மா செய்தது சுத்தமான அளவுதிருத்தம். நிறை இவ்வளவுதான் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை எடுத்து, சந்தேகப்படும் கருவியிடம் காட்டி, அது என்ன சொல்கிறது என்று பார்ப்பது. சொன்னதற்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது. பிறகு கருவியைத் திருத்துவது, அல்லது அந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்ப்பது.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த அக்காவின் மாப் பை. பத்துக் கிலோவை மட்டும் மாட்டியிருந்தால், தராசில் கோளாறு என்று தெரிந்திருக்கும், என்ன கோளாறு என்று தெரிந்திருக்காது. பத்து ஒன்பதானது, ஐந்து நாலானது. இரண்டிலும் குறைந்தது ஒரே ஒரு கிலோ. அப்படியென்றால் தொடக்கமே பிழை. இதைத்தான் பௌதிகப் புத்தகம் பூச்சிய வழு என்கிறது. ஐந்து கிலோ நாலரை என்று காட்டியிருந்தால் அது வேறு நோய். கனம் கூடக்கூடப் பிழையும் அதே விகிதத்தில் கூடும். பத்தில் ஒன்று, இருபதில் இரண்டு. வெறும் கொக்கியில் முள் சரியாகப் பூச்சியத்தில் நிற்கும், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது. அதனால்தான் ஒரு கருவியை ஓரிடத்தில் மட்டும் சோதித்தால் போதாது. பூச்சியத்தில், நடுவில், உச்சியில் என்று பல இடங்களில் சோதிப்பார்கள்.

அரிசிப் பையை எந்த நம்பிக்கையில் சரி என்று எடுத்தோம் என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். அருமையான கேள்வி. பையை நிரப்பிய இடத்தில் ஒரு தராசு இருக்கிறது. அந்தத் தராசை அரசாங்கத்தின் படிக்கல்லோடு ஒப்பிட்டு முத்திரை போட்டிருப்பார்கள். அந்தப் படிக்கல்லை இன்னும் துல்லியமான ஒன்றோடு ஒப்பிட்டிருப்பார்கள். இப்படியே ஏறிப் போனால் உலகத்துக்கெல்லாம் பொதுவான கிலோவில் போய் முட்டும். 2019 மே 20 வரைக்கும் அது பாரிசுக்குப் பக்கத்தில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்த ஓர் உலோக உருளை. அன்றிலிருந்து, மாறாத ஓர் இயற்கை எண்ணை வைத்துக் கிலோவை வரையறுக்கிறார்கள். மலையில் ஒரு கொக்கியில் தொங்கும் கொழுந்துச் சாக்கு வரைக்கும் அந்தச் சங்கிலி இறங்கி வர வேண்டும். நடுவில் ஒரு வளையம் விட்டுப்போனால், அதற்குக் கீழே உள்ளது எல்லாம் வெறும் நம்பிக்கைதான்.

மழைமானிக்கு வருவோம். கருவி மிக எளியது. மேலே ஒரு வட்டப் புனல், உள்ளே ஒரு போத்தல், பக்கத்தில் கோடு போட்ட கண்ணாடிக் குவளை. தினமும் காலை 8.30க்குப் போத்தலில் சேர்ந்த தண்ணீரைக் குவளையில் ஊற்றிக் கோட்டைப் பார்த்து எழுதுவார்கள். பழைய தோட்டங்களில் ஒபீசுக்குப் பக்கத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து அங்குல விட்டமுள்ள புனல் என்றால், ஒரு மில்லிமீற்றர் மழைக்கு அதில் விழுவது ஏறத்தாழ 12.7 மில்லிலீற்றர். குவளையில் கோடு போடும்போது அந்தக் கணக்கில்தான் போட்டிருப்பார்கள். எட்டு அங்குலப் புனலுக்கு 32 மில்லிலீற்றருக்கு மேல். அதற்கான குவளை வேறு.

குவளை உடைந்துபோகிறது. யாரோ எங்கிருந்தோ எட்டு அங்குலத்துக்கான குவளையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பார்க்க எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். கோடு இருக்கிறது, எண் இருக்கிறது, தினமும் புத்தகத்தில் எழுதுகிறார்கள். ஆனால் உண்மையில் 150 மில்லிமீற்றர் பெய்த அன்று அந்தக் குவளை காட்டுவது 58, 59. விழிப்பாக இரு என்று சொல்லக்கூட அது போதாது. லயத்தில் எல்லோரும் நிம்மதியாகப் படுத்துத் தூங்குவார்கள்.

மழைமானியே இல்லாத இடத்தில் என்ன செய்வோம்? கானில் தண்ணீர் ஏறுவதைப் பார்ப்போம், சுவரில் புதிய வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்போம், பயந்து பெரியவர்களிடம் கேட்போம். பிழையான மழைமானி அந்தப் பயத்தையும் எடுத்துவிடுகிறது. பிழையான அளவு, அளவே இல்லாததைவிட மோசம் என்று அன்னா மணி சொல்லிவந்தார். இதை நான் முதன்முதலில் படித்தபோது கண்ணுக்கு முன்னால் வந்தது அந்தக் கொக்கியும் அரிசிப் பையும்தான். அவரைப் பெரியம்மாவாக நினைக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தியா சாதாரண வானிலைக் கருவிகளைக்கூட வெளிநாட்டிலிருந்துதான் வாங்கியது. அவற்றை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று நின்றார். நூறு வகைக் கருவிகளுக்கு நியமமான வரைபடங்கள் தயாரித்தார். எந்தப் பட்டறையில் செய்தாலும் ஒரே அளவில் வர வேண்டும், அதற்காகத்தான் வரைபடம். 1953இல் அவர் அந்தப் பிரிவுக்குத் தலைமை ஏற்றபோது அவருக்குக் கீழே 121 ஆண்கள் வேலை செய்தார்கள். 1957, 58இல் சர்வதேச புவிப்பௌதிக ஆண்டு வந்தபோது, சூரியக் கதிர்வீச்சை அளக்க இந்தியா முழுவதும் நிலையங்களை ஒரு வலைப்பின்னலாக அமைத்தார்.

வலைப்பின்னல் என்றால் பெரிய சிக்கல். ஒரு தராசை ஓர் அரிசிப் பையால் பிடித்துவிடலாம். பல ஊர்களில் பல கருவிகள் இருக்கும்போது, ஓர் ஊரில் வெயில் கூட, இன்னோர் ஊரில் குறைவு என்று வரைபடம் போட்டால், அது வெயிலின் வித்தியாசமா, கருவியின் வித்தியாசமா? எல்லாக் கருவிகளையும் ஒரே நியமத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியிருந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். ஓய்வுபெற்ற பிறகு 1980இலும் 1981இலும் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளை இரண்டு பெரிய நூல்களாக வெளியிட்டார். காற்றின் வேகத்தையும் இதே பிடிவாதத்தோடு அளக்க வைத்தார். காற்றாலை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க அந்த எண்கள் வேண்டும். அம்பேவெலப் பக்கம் போகும்போது அங்கே சுழலும் காற்றாலைகளைக் காட்டி, இதை நிறுத்துவதற்கு முன்னால் யாரோ இங்கே நின்று காற்றை அளந்திருப்பார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

ஓசோனை அளக்க பலூனில் கட்டி மேலே அனுப்பும் கருவியையும் 1960களில் அவருடைய குழு செய்தது. 1963இல் தும்பாவில் ரொக்கெட் ஏவுதளம் வந்தபோது அங்கே வானிலை ஆய்வகமும் கருவிக் கோபுரமும் அமைத்தவரும் அவர்தான். 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்றார். இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குரியவை, இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன்.

நாங்கள் பாடசாலையில் ஒரு மழைமானி செய்தோம். யாரும் வீட்டில் செய்யலாம். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலைத் தோளுக்குக் கீழே, உடல் நேராக இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய தலைப்பகுதியை மூடி இல்லாமல் தலைகீழாக உள்ளே செருகினால் அதுவே புனல். புனலின் வாயும் போத்தலின் உடலும் ஒரே அகலமாக இருப்பதால் குவளைக் கணக்குத் தேவையில்லை, பக்கத்தில் ஒட்டிய அடிமட்டத்தில் நேராகவே வாசிக்கலாம். ஆனால் போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அடியிலிருந்து அளந்தால் பூச்சியமே பிழைத்துவிடும். அதனால் அடியில் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, மேடு மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூச்சியக் கோடு போட வேண்டும். கல் காற்றுக்குப் போத்தல் சாயாமலும் பார்த்துக்கொள்ளும். தினமும் வாசித்த பிறகு தண்ணீரை மறுபடி அந்தக் கோட்டுக்கே கொண்டுவர மறக்கக் கூடாது.

முதல் கிழமை இரண்டு போத்தல்கள் வைத்தோம், இரண்டும் ஒரே அச்சு. ஒன்று 22 காட்டிய காலையில் மற்றது 13. பிள்ளைகள் இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றாகவே காட்டின. கருவியில் பிழை இல்லை. இரண்டாவதை வைத்த இடத்தில்தான் பிழை. அது நிழல்மரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சாய்ந்து வரும் மழையை மரம் தடுத்துவிடும், காற்று ஓய்ந்த பிறகு இலையிலிருந்து சொட்டவும் செய்யும். மரமோ சுவரோ, அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். மலையில் அப்படியோர் இடம் தேடுவது லேசில்லை. கடைசியில் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் வைத்தோம்.

காலை 8.30க்கு வாசித்து எழுதும் முறை ஆளுக்கு ஒரு கிழமை. கொப்பியில் 0 என்று எழுதினால், போய்ப் பார்த்தேன், மழை இல்லை என்று பொருள். பார்க்கவில்லை என்றால் கோடு மட்டும் போட வேண்டும். இரண்டும் ஒன்றல்ல என்பதை அவர்களுக்கு முதல் நாளே சொல்லிவைத்தேன். மாதக் கூட்டுத்தொகை போடும்போது 0 கணக்கில் சேரும். கோடு இருந்தால் அந்த மாதக் கணக்கு முழுமையில்லை என்று எழுத வேண்டும்.

ரேடியோவில் கேட்டுவிட்டு வந்தானே அந்தப் பையன், அவனுடைய கிழமையில் ஒரு புதன்கிழமைக்கு நேரே கோடு இருந்தது. செவ்வாய் 18, வியாழன் 41. நடுவில் என்ன ஆனது என்று கேட்டேன். பாதையில் மரம் விழுந்து, அன்றைக்கு வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டதாம். அதற்குள் கூட்டாளி ஒருவன் தண்ணீரைக் கோட்டுக்கு இறக்கி வைத்துவிட்டான், எண்ணைப் பார்க்கவில்லை. "சும்மா ஒரு முப்பதுன்னு போடச் சொன்னாங்க டீச்சர். நா போடல."

அந்த மாதக் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில், 'ஒருநாள் அளவு இல்லை' என்று அவன் கையாலேயே எழுதியிருக்கிறது.